ஓரறிவுயிரின் சுற்றம்

உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்தவர் தொல்காப்பியர். புல்லும் மரமும் ஓரறிவின, கறையானும் எறும்பும் மூவறிவின, தும்பி நான்கறிவினது, மனிதனோ ஆறறிவினன். இவ்வரிசையில் செடிகொடிகள் முதற்படியில் நிற்கின்றன. நின்ற இடத்தை விட்டு நகர இயலாத உயிருக்கு இதற்கு மேல் அறிவு எதற்கு என்றுகூட நாம் எண்ணக்கூடும். ஆயினும் அந்த நகர இயலாமையே செடிக்குப் பல கலைகளைக் கற்பித்திருக்கிறது. பகை வந்தால் அதனால் ஓட முடியாது. பசித்தால் தேடிச் செல்ல முடியாது. மணமுடிக்க வேண்டுமாயினும் இன்னொருவர் தூது செல்ல வேண்டும். ஆகவே அது மண்ணுக்குள் நுண்ணுயிர்களோடும், மண்ணுக்கு மேல் பூச்சிகளோடும் உறவு பூண்டு வாழ்கிறது. இந்த உறவை நூல்களில் படிக்கலாம். ஆனால் அது அறவே இல்லாத ஓரிடத்தைப் பார்த்தவர்களுக்கே அதன் அருமை முழுமையாக விளங்கும். அப்படிப்பட்ட இடமொன்றின் அருகே பிறந்து வளர்ந்தவன் நான்.

கோலார் தங்கவயலில், 'மைசூர் மைன்ஸ்' பகுதியைச் சேர்ந்தது எங்கள் குடும்பம். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கத் தொழிலைத் தொடங்கியபின், வடஆர்க்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் சாரிசாரியாகச் சென்று குடியேறினர். என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். தந்தையார் மில்லில் பணியாற்றினார். நூற்றிருபது ஆண்டுகளில் அந்நிலம் ஏறத்தாழ 800 டன் தங்கத்தை ஈந்தது என்பர். 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் ஊரை விட்டுப் போயிற்று. அதை எடுத்தபின் எஞ்சிய மணல் மட்டும் ஊரிலேயே தங்கிவிட்டது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம் என எத்திசை நோக்கினும் வெண்மையும் சாம்பலுமாக எழுந்து நிற்கும் மேடுகளை, ஊரார் 'சயனைடு மலை' என்றே அழைக்கின்றனர். 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு, ஏறத்தாழ 330 இலட்சம் டன் மணல்.

காற்றுக் காலம் வந்துவிட்டால் அந்த மணல் வீட்டுக்குள் விருந்தாளியாக வரும். என் அன்னையார் குடிநீர்க் குடத்தின் வாயைத் துணியால் கட்டி வைப்பார். சன்னலில் ஈரச் சேலையைத் தொங்கவிடுவார். அப்படியும் சோற்றில் ஒரு நறநறப்பு இருக்கவே செய்யும். கல் தூசி நெஞ்சில் படிந்து இருமி இருமி இளைத்த முதியவர்களை ஒவ்வொரு லைனிலும் பார்த்திருக்கிறேன். மழைக் காலத்திலோ மேடுகளின் பக்கங்களில் பள்ளம் பறித்துக்கொண்டு மணல் ஓடைகளுக்கு இறங்கும். இவ்விரண்டையும் தடுக்க வல்லது வேர் ஒன்றே. அந்த வேரோ மேட்டின்மேல் எளிதில் ஊன்றுவதில்லை.

ஏன் ஊன்றுவதில்லை?

"விஷம் ஐயா, விஷம்!" என்று எங்கள் ஊரில் குழந்தையும் விடை கூறும். அவ்விடையில் ஓரளவு உண்மை உண்டு. முழு உண்மை இல்லை.

1887-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் மாக்ஆர்தர் என்னும் வேதியியலாரும், மருத்துவர்களான ஃபாரஸ்ட் சகோதரர்களும் ஒரு முறையைக் கண்டு காப்புரிமை பெற்றனர். மாவாகப் பொடித்த கல்லைச் சயனைடு கலந்த நீரில் ஊறவைத்தால் கல்லிலுள்ள தங்கம் கரைந்து நீரோடு வந்துவிடும். துத்தநாகத்தைக் கொண்டு அதைப் பிரித்தெடுத்துக் கொள்ளலாம். தங்கவயலின் மில்களில் நடந்ததும் இதுவே. தங்கம் இழந்த மணல் வெளியே கொட்டப்பட்டது. கொடிய நஞ்சுதான் அது. ஆயினும் வெயிலும் காற்றும் நாளடைவில் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகின்றன. கல்லோடு வந்த கந்தகக் கனிமங்களும் ஆர்செனிக் போன்றனவும் நெடுங்காலம் எஞ்சியிருந்து தீங்கு செய்வனவே. எனினும் பல்லாண்டுகள் கழிந்த பழைய மேடுங்கூடப் பசுமை கொள்ளத் தயங்குவதற்கு நஞ்சு மட்டுமே காரணமாகாது.

சயனைடு மனிதன் கண்டுபிடித்த பொருளன்று என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும். நம் சோளப்பயிர் அதைத் தன் இளந்தண்டில் தானே ஆக்கிக்கொள்கிறது. மழை பொய்த்து வாடிய இளஞ்சோளத்தில் மாட்டை மேயவிடக் கூடாது என்பதை நம் உழவர்கள் வழிவழியாக அறிவார்கள். சோளத்தின் திசுக்களில் நஞ்சின் மூலப்பொருள் ஓரறையிலும், அதை நஞ்சாக்கும் நொதி வேறோர் அறையிலும் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. பூச்சியோ மாடோ கடித்து மென்றால்தான் இரண்டும் கலந்து சயனைடு வெளிப்படும். மரவள்ளிக் கிழங்கும் அவ்வாறே. அதனால்தான் கசப்பு வகையை ஊறவைத்தும் நன்கு வேகவைத்தும் உண்கிறோம். ஓடிப் பிழைக்க முடியாத உயிர் தன் உடலுக்குள்ளேயே ஒரு காவற்படையை அமைத்துக்கொண்டது எனலாம்.

நுண்ணுயிர்களின் கதை இதனினும் வியப்பானது. உழவர்கள் விதையோடு கலந்து விதைக்கும் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியத்தின் சில வகைகள், வேரருகே மிகச் சிறிய அளவில் சயனைடைச் சுரந்து, வேரழுகல் நோய் தரும் பூசணங்களை அடக்குகின்றன. வேறு சில பாக்டீரியங்களோ சயனைடையே உணவாகக் கொண்டு அதிலுள்ள நைட்ரஜனை எடுத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலிருந்த ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தார் 1984-ஆம் ஆண்டு முதல் தம் கழிவுநீரிலிருந்த சயனைடை இத்தகைய பாக்டீரியங்களைக் கொண்டே சிதைத்து, நீரைத் தூய்மையாக்கி ஓடையில் விட்டனர். ஆகவே ஒருவருக்கு நஞ்சாவது இன்னொருவருக்குச் சோறாகிறது.

அங்ஙனமாயின் மேட்டில் இல்லாதது என்ன? சுற்றம்தான் இல்லை.

நாம் மண் என்று பொதுவாகச் சொல்வது வெறும் கற்பொடியன்று. மட்கிய இலை, அதை மட்கச் செய்யும் பூசணம், பாக்டீரியம், மண்புழு, எறும்பு ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு குடியிருப்பு அது. சயனைடு மேடோ மூவாயிரம் மீட்டர் ஆழம்வரை சென்று வெட்டியெடுத்து அரைத்த பாறை. அதில் நைட்ரஜனும் இலைமட்கும் இல்லையென்றே சொல்லலாம். குடியிருப்போர் எவருமற்ற அந்த வெற்றிடத்தில் ஒரு விதை தனியாக விழுந்து முளைத்து என்ன செய்யும்?

தங்கவயலில் முதற்குழிகள் இறங்கிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் ஐரோப்பாவில் வேறு இரு கண்டுபிடிப்புகள் நிகழ்ந்தன. 1885-இல் ஜெர்மானியரான ஃபிராங்க், மரவேரும் அதைப் பின்னிக்கொண்டு வாழும் ஒருவகைப் பூசணமும் இணைந்த அமைப்புக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். நிலத்தாவரங்களுள் மிகப் பெரும்பாலானவற்றின் வேர்களில் இத்தகைய பூசணங்கள் குடியிருக்கின்றன. வேர் எட்டாத இடுக்குகளுக்கும் தம் நுண்ணிழைகளை அனுப்பி, அவை பாஸ்பரத்தையும் நீரையும் கொண்டுவந்து கொடுக்கின்றன. கூலியாகச் செடி தான் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைத் தருகிறது. 1888-இல் ஹாலந்து நாட்டுப் பெய்ஜரிங்க், பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியங்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணத்தக்க உரமாக மாற்றிக் கொடுப்பவை அவையே. எங்கள் லைன் வீட்டின் முன் அன்னையார் பந்தலிட்டு வளர்த்த அவரைக்கொடியைத் தை மாதம் முடிந்து பிடுங்கும்போது, வேரில் கடுகுபோலத் திரண்டிருந்த முடிச்சுகளை நகத்தால் கிள்ளிப் பார்ப்பேன்; உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளுக்கு உறவான ஒன்றுதான் அந்தச் சிவப்புக்கும் காரணம் என்று பின்னாளில் படித்தறிந்தேன்.

மண்ணுக்கு மேலும் இத்தகைய கொடுக்கல் வாங்கல் உண்டு. மேட்டின் அடிவாரத்தில், ஊர் மண்ணும் சுரங்க மணலும் கலக்கும் விளிம்பில், எருக்கு துணிந்து நிற்கும். அதன் பால் இதயத்தை நிறுத்தும் நஞ்சு. ஆடும் பெரும்பாலும் அதை நெருங்குவதில்லை. எனினும் வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழு அவ்விலையையே தின்று வளர்ந்து, அந்நஞ்சைத் தன் உடலில் சேமித்துக்கொண்டு, பறவைகளிடமிருந்து தப்புகிறது. எருக்கின் பூவுக்கோ பருத்த கருவண்டுதான் தூதன். பூவில் தேன் அருந்த வரும் வண்டின் காலில் மகரந்தம் பொட்டலமாகவே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த பூவில் அது சேர்கிறது. வண்டு வராவிடில் எருக்கஞ்செடி காயே வைக்காது. அவ்வண்டு முட்டையிடவோ பட்ட மரம் வேண்டும். எனவே எருக்கு தன் விதைக்கு வேறொரு மரத்தையும் நம்பியிருக்கிறது. புழு கடிக்கும்போது செடி வாளா இருப்பதில்லை என்பதும் இன்று தெளிவாகியுள்ளது. புழு கடித்த மக்காச்சோளம் ஒருவகை மணத்தை வெளியிட்டு, அப்புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவியை அழைக்கிறது என்று 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நிறுவினர். ஓரறிவுயிர் என்றோமே, அது கூப்பிடவும் கற்றிருக்கிறது!

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இன்னொரு செய்தி பயன்படும். பப்பாளியும் மரவள்ளியும் நம் நாட்டினவல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. 2008-இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியும் அங்கிருந்து வந்ததே. அதன் பகைவனோ உடன் வரவில்லை. ஆகவே கேட்பாரற்றுப் பெருகிப் பப்பாளியையும், மரவள்ளியையும், பட்டுப்புழுவுக்கு உணவாகும் மல்பெரியையும் வெண்பஞ்சு போர்த்தியதுபோல் மூடிற்று. மருந்தடித்தும் பயனில்லை, அதன் மேனியிலுள்ள மெழுகு மாவு மருந்தை உள்ளே விடவில்லை. 2010-இல் பெங்களூரிலுள்ள பூச்சியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் இயற்கைப் பகையான நுண்குளவிகளை வரவழைத்து, பெருக்கி, தோட்டங்களில் விடுவித்தனர். சில மாதங்களிலேயே மாவுப்பூச்சி அடங்கிற்று. மல்பெரியும் பட்டும் கோலார் மாவட்டத்து உழவரின் வாழ்வாதாரம். அந்தக் கண்ணுக்குத் தெரியாத குளவிக்கு அவர்களும் கடன்பட்டவர்களே. வேற்று மண்ணில் ஓர் உயிர் வாழ்வதும் கெடுவதும் அதனோடு யார் யார் வந்தனர், யார் வரவில்லை என்பதைப் பொறுத்தது.

இனி, மேட்டுக்கு வருவோம். நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றுபவன். ஆண்டுதோறும் மரநடு விழா முடிந்தபின் மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய படிவம் என் மேசைக்கு வரும். எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்பதற்கு ஒரு பத்தி உண்டு. எத்தனை பிழைத்தன என்பதற்குப் பத்தியே கிடையாது. குழி தோண்டிக் கன்றை வைத்து, ஒரு குடம் நீர் ஊற்றி, படம் எடுத்துக்கொண்டால் மரம் வளர்ந்துவிடும் என்பது நம் எல்லோருடைய நம்பிக்கை. நல்ல மண்ணில் அது பலிக்கலாம். சுரங்க மணலில் பலிக்காது.

அங்கே என்ன செய்ய வேண்டும் என்பதும் அறியப்படாத இரகசியமன்று. நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார், அந்நகருக்கு அருகே கும்காவ் மாங்கனீசுச் சுரங்கத்தின் கழிவு மேடுகளில் செய்து காட்டியிருக்கின்றனர். குழியில் தொழுவுரமும் சர்க்கரை ஆலைக் கழிவும் இட்டு, வேர்ப்பூசணத்தையும் நைட்ரஜன் சேர்க்கும் பாக்டீரியங்களையும் ஊட்டிய கன்றுகளை நட்டனர். அம்மேடுகள் பசுமை கொண்டன. கன்றைத் தனியே அனுப்பாமல் அதன் சுற்றத்தோடு அனுப்பினர் என்பதே அதன் சாரம். புங்கமும் வாகையும் வேர்முடிச்சுடையவை. சவுக்குக்கும் ஃபிராங்கியா என்னும் பாக்டீரியத் துணை உண்டு. இவற்றின் சருகு விழுந்து மட்கினால் புல் வரும். புல் பூத்தால் பூச்சி வரும். பூச்சிக்குப் பறவை வரும். பறவை வேறு விதைகளைக் கொண்டுவரும்.

இது ஏட்டுப் பேச்சாக நின்றுவிடலாகாது என்பதற்கு அவசரமான காரணம் ஒன்றுண்டு. அம்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்க மத்திய அரசு முன்வைத்த திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் இசைவு தந்தது. வேலையின்றி விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பும் எங்கள் ஊர் இளைஞர்களுக்கு அதனால் நான்கு வேலை கிடைக்குமாயின் நான் மகிழ்வேன். ஆனால் மணலைக் கிளறினால் தூசி எழும். தங்கம் பிரித்த பின்னும் மணல் மணலாகவே இருக்கும். அது மறுபடியும் எங்கேனும் கொட்டப்படும். கொட்டப்படும் நாளிலேயே அதன்மேல் எருவும் வேர்த்துணையும் கூடிய பசுமைப் போர்வை இடப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு, மூன்றாண்டு கழித்துப் பிழைத்தவற்றின் எண்ணிக்கையையும் கேட்க வேண்டும். முதல் நூறாண்டில் கேட்க ஆளில்லை. எங்கள் பாட்டன்மார் கையெழுத்திடத் தெரியாதவர்கள். இன்று அவர்களுடைய பேரன் பேத்தியர் வழக்கறிஞராகவும், பொறியாளராகவும், ஆசிரியராகவும், அரசு ஊழியராகவும் பல ஊர்களில் பரவியிருக்கிறார்கள். இம்மலரைப் படிப்போருள்ளும் சிலர் இருக்கலாம்.

அவர்கள் அடுத்த முறை மாரிக்குப்பத்தில் ரயில் இறங்கும்போது, வீட்டுக்குப் போகும் வழியில் மேட்டடியில் சற்று நின்று, எருக்கம்பூவில் கருவண்டு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒரு புங்கங்கன்று நட விரும்பினால், முதிர்ந்த புங்கமரத்தடி மண் இரண்டு கூடையும் கொண்டுவந்து குழியில் இட வேண்டும். அக்கன்றுக்கு வேண்டிய உறவினர் அனைவரும் அந்தக் கூடைக்குள்ளேதான் இருக்கின்றனர்.