திரும்பும் நேரம்

மலையேற்றம் என்று பேச்சு வந்ததும் எங்கள் வாட்சாப் குழுவில் முதலில் விழும் கேள்வி, "எத்தனை மணிக்குக் கிளம்புறோம்?" நான் முதலில் எழுதி வைப்பது திரும்பும் நேரத்தை. அருவியைப் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

சுங்கை சிலிங் அருவிக்கும் அப்படித்தான் திட்டம் போட்டேன். கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையோரம் தொடங்குகிறது அந்தப் பாதை. கெலா மீன்களுக்கான சரணாலயம் அது. தூரம் பெரிதில்லை, ஆனால் ஐந்தாறு இடங்களில் ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். போகப் போக இருபக்கமும் மலை நெருங்கிவரும். மேலே பெய்யும் மழையெல்லாம் அந்த இடுக்கு வழியாகத்தான் இறங்கியாக வேண்டும்.

மலாயில் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே, மேல்மலையில் பெய்த மழை திடீரென்று வந்து சேரும். தண்ணீர் கலங்கும், சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வரும், மேலிருந்து உறுமல் கேட்கும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அந்த வட்டாரம் தண்ணீரை அறிந்த வட்டாரம். 1883-இல் அணை உடைந்து பழைய கோலகுபு அழிந்தது. பின்னர் வெள்ளத்துக்குப் பயந்து ஊரையே வேறிடத்துக்கு மாற்றினார்கள். 'பாரு' என்றால் புதியது.

இங்கே மழை பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான் வலுக்கும். ஆகவே கடைசிக் கடவை 1 மணிக்குள் முடிய வேண்டும் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி ஒன்று உண்டு: மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். ஆற்றங்கரையில் வரிசையில் நிற்பது அதில் இல்லை. நாங்கள் 11 பேர். கயிற்றைப் பிடித்து ஒவ்வொருவராகக் கடக்க ஆளுக்கு ஒரு நிமிடம். ஆறு கடவைக்கு 66 நிமிடம், அதுவும் போக மட்டும். 11.30-க்குத் திரும்புவது என்று முடிவாயிற்று.

பதினோராவது ஆள் நண்பனின் அப்பா. லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், முழங்கால் வலிக்காரர். "அங்கிள் வந்தா ஸ்லோ ஆயிடும்டா" என்று குழுவில் ஒருவன் எழுதினான். உண்மைதான். ஆனால் அவர் பிறந்து வளர்ந்த தோட்டம் அந்தப் பக்கம். தோட்டம் கைமாறி, லயத்து வீடுகளை இடித்து, இப்போது அங்கே மாடி வீடுகள். இதுதான் நான் இருந்த இடம் என்று மகனுக்குக் காட்ட அவருக்கு மிஞ்சியிருப்பது காடும் ஆறும்தான். அவரை வேண்டாமென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசையில் முதலில் அவரை நடக்கவிட்டோம். அவர் வேகம்தான் எல்லாருடைய வேகமும்.

11.30-க்கு ஐந்தாவது கடவையைத் தாண்டியிருந்தோம். அருவியின் சத்தம் கேட்டது. "இன்னும் பத்து நிமிஷம்தான்டா" என்று இருவர் கெஞ்சினார்கள். அங்கிள் ஒரு பாறையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். "நேரம் ஆச்சுல்ல தம்பி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எழுந்து வந்த பக்கமே நடந்தார்.

அன்று மழை பெய்யவில்லை. வீடு வந்து சேரும்வரை வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. "மழையே வரல, எதுக்குடா திருப்பின?" என்று அந்த இருவரும் இன்னமும் கேட்கிறார்கள். மழை வருமா வராதா என்று அந்த இடுக்குக்குள் நின்று சொல்ல முடியாது என்பதால்தான் திருப்பினேன். அடுத்த முறையும் அதையேதான் செய்வேன்.

அடுத்த பயணத்துக்கு 6 பேர் மட்டும். ஆற்றைக் கடக்கும் நேரம் 36 நிமிடமாகக் குறையும். பட்டியலில் முதல் பெயர் அங்கிளுடையது. மனிதர் அதற்குள் அடிடாஸ் கம்போங் ஒரு ஜோடி வாங்கி வைத்துவிட்டார்.