பாட்டியின் கம்மல்

கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு பாட்டியைப் படம் பிடித்தேன். உச்சி வெயில், பின்னால் வெளுத்த வானம். "மவனுக்கு அனுப்பணும், ஒண்ணு கொண்டாந்து குடு சாமி" என்றாள். தலையாட்டிவிட்டேன். வாக்குக் கொடுப்பதில் என்ன சிரமம், சொல்லுங்கள்!

கள்ளக்குறிச்சி வீட்டில் குளியலறைதான் என் இருட்டறை. மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கி வைத்திருந்த நாலாம் நம்பர் காகிதத்தில் அச்சிட்டேன். வானம் வெள்ளை; பாட்டி முகமோ அடுப்புக்கரி! நம்பர் ஏற ஏறக் கறுப்புக்கும் வெளுப்புக்கும் சண்டை வலுக்கும். வெயிலில் எடுத்த படத்துக்குச் சாதுவான முதல் நம்பர்தான் சரி. 1940-ல் இல்ஃபோர்டு கொண்டுவந்த 'மல்டிகிரேட்' ரகம் என்றால் ஒரே பெட்டி போதும். மஞ்சள் வடிகட்டிக்கு மென்மை, மெஜன்டாவுக்குக் கடுமை. அதையே வாங்கினேன்.

அதிலும் இரண்டு ஜாதி உண்டு. ஃபைபர் காகிதத்தின் அழகே அழகு! ஆனால் ஒரு மணி நேரம் ஓடும் தண்ணீரில் அலச வேண்டும். "சித்திரை மாசத்திலே படத்துக்குக் குளியலா?" என்று அத்தை குடத்தை மறைத்துக்கொண்டாள். நியாயந்தானே! அரைகுறையாக அலசினால் ஹைப்போ தங்கி, நாளடைவில் படம் பழுத்துவிடும். பிளாஸ்டிக் பூச்சுக் காகிதத்துக்கு இரண்டு நிமிஷ அலசல் போதும். மனசில்லாமல் அதைத்தான் எடுத்தேன்.

பாட்டி படத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"அட, கம்மல்கூடத் தெரியுதே!" என்றாள்.