பேழைக்கு ஒரு பேழை

அமெரிக்காவில் இறந்தவரை அடக்கம் செய்யும் குடும்பத்தார், சவப்பெட்டியைத் தேர்ந்த பின்னர் மற்றொரு கேள்விக்கும் விடை கூற வேண்டும்: அதை எந்தப் பெட்டகத்துள் வைத்துப் புதைப்பது? கான்கிரீட், எஃகு, பிளாஸ்டிக் என வகைகள் பல, விலைகளும் பல. துயர வேளையில் நாம், மிகுந்த விலையே மிகுந்த அன்பு என்று எண்ணிவிடுகிறோம்.

பெட்டகத்தை அங்கே கேட்பது பெரும்பாலும் அரசின் சட்டமன்று. கல்லறைத் தோட்டத்தின் விதியே. மேல்மண் அமிழ்ந்து குழி விழாதிருப்பதே அதன் நோக்கம். அதற்கு எளிய கான்கிரீட் உறையே போதும். 1984இல் நடைமுறைக்கு வந்த நடுவண் அரசின் விதிப்படி, பெட்டகங்களைக் காட்டுமுன் விலைப்பட்டியலைக் காட்ட வேண்டும். உடலை நெடுங்காலம் அழியாது காக்கும் என்று சொல்லி விற்கலாகாது. எனவே, முதலில் தோட்டத்தின் விதியைக் கேட்டறிவோம். பின்னர் பட்டியலைப் படிப்போம்.

அரிமத்தியா யோசேப்பு ஆண்டவருக்குத் தம் புதுக் கல்லறையையே அளித்தார். அது அன்பின் செயல், போற்றுகிறோம். ஆயினும் உயிர்ப்பு அப்பாறையின் உறுதியால் வந்ததன்று. மண்ணிலிருந்து வந்த உடல் மண்ணுக்குத் திரும்புவதில் இழிவில்லை. எளிய உறையைத் தேர்ந்து, எஞ்சிய பணத்தைத் தந்தையின் முதுமைக்கென வைக்கும் மகன், தாயைக் குறைவாக நேசித்தவன் அல்லன்.