தக்கை மட்டும் மிதந்தால் போதுமா?

கொடைக்கானல் ஏரிக்கு இரண்டு முகங்கள் உண்டு. காலை பத்து மணிக்கு மேல் தெரிகிற முகம் எல்லோருக்கும் பழக்கம். குதிரை, வாடகை சைக்கிள், சுட்ட சோளம், சூடான பஜ்ஜி, 'கொஞ்சம் சிரியேன்... போட்டோ வீணாகுது' என்று கெஞ்சும் புது மாப்பிள்ளைகள். ஏழு மணி முகம் வேறு. தண்ணீர் மேல் பனி போர்வை போர்த்திக் கிடக்கும். கரையோரம் அங்கங்கே மங்கி குல்லா போட்ட உருவங்கள், அசையாமல். யாரோ தியானம் பண்ணுகிறார்கள் போல என்று பயபக்தியுடன் கிட்டே போனால்... கையில் தூண்டில்!

இந்த ஏரியே ஒரு மனுஷரின் ஆசையில் பிறந்ததுதான். மதுரை கலெக்டராக இருந்த வீர் ஹென்றி லெவிஞ்ச், 1863-ல் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரி இது. மேலிருந்து பார்த்தால் நட்சத்திர வடிவம். ஏரி கட்டியதோடு விடாமல், தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைத்தார்; தண்ணீரில் மீன் குஞ்சுகளையும் விட்டார். 1890-ல் இங்கே படகு கிளப்பே வந்துவிட்டது. ஆக, இந்த ஏரியில் படகுக்கும் தூண்டிலுக்கும் ஒரே வயசு. பங்காளிகள் மாதிரி. பங்காளிகள் என்றால் சண்டை இல்லாமல் இருக்குமா?

நான் போன அன்று காலை, ஒரு துடுப்புப் படகு எடுத்துக் கொண்டேன். கூட வந்த படகோட்டி அண்ணனுக்கு ஐம்பது வயசிருக்கும். ஏறுவதற்கு முன்பே பாடம் ஆரம்பித்துவிட்டது.

"தம்பி, ஓரத்துல கால் வைக்கக் கூடாது. நடுவுல வைங்க. வச்சதும் குனிஞ்சு உக்காந்துரணும். சாமானெல்லாம் கையில வச்சுக்கிட்டு ஏறாதீங்க, நான் எடுத்துத் தர்றேன்."

லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து 'விசுக்'கென்று மேலே தூக்கிப் பார்த்தார்.

"என்னண்ணே, எடை பாக்குறீங்களா?"

"ஜாக்கெட்டு காது வரைக்கும் ஏறுச்சுன்னா லூசுன்னு அர்த்தம் தம்பி. தண்ணியில விழுந்தா அது மட்டும் மேல போகும், நீங்க கீழ போயிருவீங்க."

சிரிக்கலாமா, வேண்டாமா என்று யோசிக்க வைக்கிற ஜோக்!

துடுப்புப் படகில் ஒரு வேடிக்கை. துடுப்புப் போடுகிறவர் படகு போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதாவது, டிரைவர் பின் கண்ணாடி வழியாகப் பஸ் ஓட்டுகிற கதை. எதிரே என்ன வருகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் பின் இருக்கையில் அவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆசாமி. அவரோ பெரும்பாலும் செல்போனில் இருப்பார். படகும் படகும் முட்டிக்கொள்வதற்கு வேறு காரணமே வேண்டாம்.

கரையில் தூண்டில் போட்டிருந்த ஒரு பெரியவரைக் கண்டதும், எங்கள் அண்ணன் துடுப்பை மெதுவாக இழுத்து, ரொம்பத் தள்ளி ஒரு அரைவட்டம் போட்டுப் போனார். "ஏன்ணே இவ்வளவு சுத்து?" என்றேன்.

"அவரு காலைல அஞ்சரைக்கே வந்து மாவு உருண்டை போட்டுப் பழக்கி வச்சிருக்காரு. நாம தக்கைக்கு மேல போனா மீனு கலைஞ்சிரும். இன்னொருத்தர் சோத்துல மண்ணள்ளிப் போட்ட மாதிரி தம்பி."

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஒரு பெடல் படகு. உள்ளே தேன்நிலவு ஜோடி. அவர் வலது பக்கம் மிதிக்க, இவர் மிதிக்காமல் சிரிக்க, படகு தன் இஷ்டத்துக்கு வட்டம் அடித்து, பெரியவரின் தக்கை மேலேயே ஏறியது. நைலான் நரம்பு அடியில் சுழலும் தண்டில் சுற்றிக்கொண்டது. கரையில் பெரியவர் கையில் கம்பு வில்லாக வளைகிறது. ஒரு கணம், திமிங்கிலம் மாட்டிவிட்டது என்றே அவர் நினைத்திருக்க வேண்டும்! முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. விஷயம் தெரிந்ததும் அவர் பேசிய தமிழை எழுதினால் ஆசிரியர் கத்தரி போட்டுவிடுவார்.

நியாயமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் பாக்கி இருக்கிறது. படகுக்காரர்கள் தூண்டிலுக்குத் தள்ளிப் போக வேண்டும். தூண்டில்காரர்களும் படகுத்துறை பக்கத்திலும் படகுகள் வந்து போகிற பாதையிலும் நரம்பை நீட்டக் கூடாது. 'ஏரி பொது' என்று இரண்டு பேருமே சொல்லலாம். அதனால்தான் இரண்டு பேருமே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இது வரைக்கும் சிரிப்பு. அடுத்து நடந்தது அப்படி இல்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு துடுப்புப் படகில் நாலு இளைஞர்கள். படகோட்டி இல்லாமல் எடுத்து வந்திருந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டுகள் இருந்தன - உட்காருவதற்கு மெத்தையாக! ஒருவர் கையில் புத்தம் புது தூண்டில். திடீரென்று 'டேய்... மாட்டிடுச்சுடா!' என்று கூச்சல். தூண்டில் வைத்திருந்தவர் எழுந்து நின்றார். அதைப் படம் எடுக்க இரண்டாமவர் எழுந்தார். எட்டிப் பார்க்க மூன்றாமவரும் அதே பக்கம் சாய்ந்தார். படகின் ஒரு விளிம்பு தண்ணீரைத் தொட்டது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வந்தது.

"எந்திரிக்காதீங்க! உக்காருங்க! அப்படியே உக்காருங்கய்யா!"

எங்கள் அண்ணனுக்கு அப்படி ஒரு குரல் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மலையில் எதிரொலித்தது. மூன்று பேரும் பொத்தென்று படகின் தரையில் உட்கார்ந்தார்கள். படகு நாலைந்து தரம் ஆடி, அப்புறம் நின்றது. மீன் போயே போய்விட்டது. நாலு பேர் முகத்திலும் ரத்தம் இல்லை. அண்ணன் எங்கள் படகை அவர்கள் பக்கத்தில் கொண்டு போய், திட்டாமல், "ஜாக்கெட்டைப் போடுங்க தம்பிகளா. போட்டுக்கிட்டு மெதுவா என் பின்னாலயே வாங்க" என்றார். அவ்வளவுதான். கரை வரைக்கும் ஒருவரும் பேசவில்லை.

காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில் இதை இப்படித்தான் எனக்குப் புரிந்துகொள்ளத் தெரிகிறது. படகு என்பது ஒரு பேரேடு. இடப்பக்கமும் வலப்பக்கமும் டாலி ஆக வேண்டும். ஆபீஸில் டாலி ஆகாவிட்டால் ராத்திரி பத்து மணி வரை உட்கார வேண்டியதுதான். படகில் டாலி ஆகாவிட்டால் உட்கார இடமே இருக்காது. அதிலும் ஒருவர் எழுந்து நின்றால், எடை அதேதான். ஆனால் அந்த எடை உயரத்துக்குப் போய்விடுகிறது. அப்புறம் படகு கவிழ்வதற்குச் சின்ன ஆட்டம் போதும்.

பெரிய படகுகளே தப்பவில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் இரண்டு தட்டு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். வனவிலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் கூடியதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று நம் பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகில் போனவர்களில் 22 பேர் திரும்பவில்லை. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில், இருட்டும் நேரத்தில், அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். எல்லாமே லீவு நாள் சந்தோஷத்துக்குக் கிளம்பியவர்கள்.

'எனக்கு நீச்சல் தெரியும் சார்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால், நாம் சொல்லாமலே உடம்பு 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்று அல்ல. முதல் ஒரு நிமிஷம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. போதாததற்கு ஜீன்ஸ், ஜெர்கின், ஷூ, காலைச் சுற்றும் நீர்ப்பாசி. உங்கள் ஊர் கிணற்றில் அடித்த டைவ் எல்லாம் இங்கே செல்லாத நோட்டு. அந்த ஒரு நிமிஷம் உங்களை மிதக்க வைப்பதற்குத்தான் ஜாக்கெட்.

வேறொரு ஊர் ஏரியில் - பெயர் வேண்டாம் - எனக்குக் கொடுத்த ஜாக்கெட்டில் இருந்த ஒரே கொக்கியும் உடைந்திருந்தது. கேட்டால், "சும்மா மாட்டிக்குங்க சார், கேமராவுக்குத்தான்" என்றார்கள். அடுத்த ஜாக்கெட் வருகிற வரை நான் படகில் ஏறவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும். காசு கொடுத்தது நாம். கேட்கிற உரிமையும் நமக்குத்தான்.

படகோட்டி அண்ணன் கரைக்கு வருவதற்குள் சொன்னவற்றையும், தூண்டில் பிடிக்கும் நண்பர்களிடம் கேட்டவற்றையும் சேர்த்துத் தருகிறேன். சனி, ஞாயிறில் தூண்டிலோடு கிளம்பும் ஆபீஸ் நண்பர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

★ முதல் வேலை அனுமதி. எந்த ஏரியானாலும் தூண்டில் போடலாமா, எங்கே போடலாம் என்று மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

★ மீன் எவ்வளவு பெரிசாக இருந்தாலும் உட்கார்ந்தபடியே இழுங்கள். ஒருவர் இழுக்கும்போது மற்றவர்கள் எதிர்ப்பக்கம் அசையாமல் இருக்க வேண்டும்.

★ தூண்டிலை வீசுவதற்கு முன் பின்னால் திரும்பிப் பாருங்கள். முள்ளுக்கு மீனின் உதடும் நண்பனின் காதும் ஒன்றுதான்.

★ நங்கூரத்தைப் படகின் முன்பக்கத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் காற்று அடிக்கும்போது படகு சாயும். தண்ணீர் உள்ளே வரும்.

★ இரண்டு படகுகள் நேருக்கு நேர் வந்தால், இரண்டுமே தன் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ரோட்டுக்கு நேர் எதிர்! மோட்டார் படகு வைத்திருப்பவர்கள் சின்னப் படகின் அருகே வேகத்தைக் குறைக்க வேண்டும். உங்கள் அலைதான் அவர்களுக்குப் புயல்.

★ இடி, மின்னல் என்றால் உடனே கரை. கார்பன் தூண்டில் கம்பு மின்சாரம் கடத்தும். ஏரி நடுவில் அதைத் தூக்கிப் பிடித்தால் நீங்களே இடிதாங்கி.

★ 'குளிருக்கு ஒரு பெக்' என்பது கரையேறிய பிறகும் வேண்டாம். படகில் வேண்டவே வேண்டாம். தரையில் தள்ளாடினால் சாக்கடை, அங்கே ஏரி.

★ படகு கவிழ்ந்தால் அதை விடாதீர்கள். பெரும்பாலான படகுகள் கவிழ்ந்தும் மிதக்கும். 'கரை கிட்டத்தானே' என்று நீந்திக் கிளம்புவதுதான் ஆபத்து. விழுந்தவரைக் காப்பாற்ற நீங்களும் குதிக்காதீர்கள். துடுப்பை நீட்டுங்கள், கயிற்றை எறியுங்கள். மேலே ஏற்றும்போது பக்கவாட்டில் அல்ல, பின்பக்கமாக.

★ அறுந்த நரம்பைத் தண்ணீரில் போடாதீர்கள். நைலான் லேசில் மக்காது. நீர்க்கோழியின் காலிலும், அடுத்த பெடல் படகின் தண்டிலும் அது சுற்றும்.

கரை சேர்ந்ததும் அந்த நாலு பேரில் ஒருவர் அண்ணனிடம் வந்து ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. "அடுத்த தடவை வந்தா ஒரு படகோட்டியைக் கூட்டிட்டுப் போங்க தம்பி. அந்தக் காசு அவருக்குப் போகட்டும்" என்றார். அந்த இளைஞர் தலையை ஆட்டினார். இன்னும் ஜாக்கெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார்.