டயரின் வயது

முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்தவன் நான். சந்திப் பிழை ஒன்று கரும்பலகையில் இருந்தால் வகுப்பறை வாயிலில் நின்றபடியே கண்டுகொள்வேன். ஆனால், ஒரு டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரியாமலேயே அறுபது வயதைக் கடந்திருந்தேன். அதைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவன் என் தம்பி. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு விபத்து.

தம்பி ஈப்போவில் வாகனப் பட்டறை நடத்துகிறான். அவனிடம் 1966ஆம் ஆண்டில் செய்யப்பட்ட எம்.ஜி.பி. கார் ஒன்று இருக்கிறது. இருவர் மட்டுமே அமரக்கூடிய பந்தயச் சாயல் கொண்ட கார். துணிக் கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். இங்கிலாந்தின் அபிங்டன் என்னும் சிற்றூரில் 1962 முதல் 1980 வரை இவ்வகைக் கார்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. அவற்றுள் ஒன்று கடல் கடந்து பேராக்கிற்கு வந்து, சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் சின்னத் துரைக்கு உரியதாயிற்று.

அந்தக் காரின் உறுமல் தொலைவில் கேட்கும்போதே செம்மண் சாலையில் நடந்துகொண்டிருக்கும் நாங்கள் ஓரத்துப் புல்லில் ஏறி நின்றுகொள்வோம். அம்மா வெட்டு முடிந்து, காண்டாவில் இரண்டு பால் வாளிகளையும் சுமந்தபடி ஒதுங்குவார். கார் கடந்து சென்ற பின்னும் புழுதி அடங்கும்வரை நகரமாட்டார். தலைத்துண்டை அவிழ்த்து ஒரு வாளியை மூடுவார்; மற்றதை என் சட்டையைக் கழற்றி மூடச் சொல்வார். பாலில் தூசு விழுந்தால் நிறுக்கும் இடத்தில் கிராணியிடம் ஏச்சு வாங்க வேண்டும். அந்தக் காரைப் பற்றி எனக்குள்ள முதல் நினைவு, அதன் சிவப்பு நிறமோ கம்பிச் சக்கரங்களோ அன்று; சட்டையில்லாமல் நின்ற கூச்சமும் வாயில் கரித்த புழுதியுமே.

துரை 1970களில் ஊர் திரும்பினார். கார் ஈப்போ வணிகர் ஒருவரிடம் சென்று, பின் எத்தனையோ ஆண்டுகள் ஒரு கொட்டகையில் கோழிகளுக்கு இருப்பிடமாகக் கிடந்தது. 1994இல் தம்பி அதைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்தான். ஒதுங்கி நின்று பார்த்த காரை உடைமையாக்கிக்கொள்ளும் வேட்கை அவனுக்குள் இருந்தது என்று நான் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அவனைக் கேட்டால், “நல்ல இன்ஜின், அண்ணே” என்பதற்கு மேல் ஒரு சொல் வராது.

ஆறு ஆண்டுகள் உழைத்து அதை ஓடச் செய்தான். எல்லாம் பழைய முறைப்படியே இருக்க வேண்டும் என்பது அவன் பிடிவாதம். டயரிலும் அதே பிடிவாதம். 2011இல், பழைய கையிருப்பு உள்ள ஒரு கடையில் அந்தக் காலத்து அளவிலும் அந்தக் காலத்துத் தடத்திலும் நான்கு டயர்கள் கிடைத்தன. ஒரு நாளும் ஓடாதவை. அச்சிலிருந்து வந்தபோது இருந்த ரப்பர் மயிர்கள்கூட உதிரவில்லை. தம்பி புதையல் கண்டவன்போல் ஆனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியை ஏற்றிக்கொண்டு கோலகங்சாருக்குப் புறப்பட்டான். சுங்கை சிப்புட்டைத் தாண்டியதும் பின்பக்க இடது டயரின் தடம் பழத்தோல்போல் உரிந்து பறந்தது. கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மண்மேட்டில் மோதி நின்றது. அவன் மனைவியின் வலது மணிக்கட்டு முறிந்தது. இன்றுவரை அந்தக் கையால் அவர் தோசைக்கல்லைத் தூக்குவதில்லை. கடைக்காரரையும் குறை சொல்ல இயலாது, அவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

காரைத் துணி போட்டு மூடினான் தம்பி. அந்தத் துணி பதின்மூன்று ஆண்டுகள் விலகவில்லை. விலகக் காரணம் அம்மா. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் எண்பத்தேழாம் வயதில், ஒரு நாள் மதிய உணவின்போது, “அந்தத் தொரை காருல ஒரு தடவ ஒக்காந்து பாக்கணும்” என்றார். தம்பியின் மனைவி தலை நிமிரவில்லை. நெடுநேரம் கழித்து, “டயரை மாத்திட்டு ஏத்திட்டுப் போங்க” என்றார். அவ்வளவுதான். இனித் தவறக்கூடாத தேர்வு ஒன்று எங்கள் முன் வந்து நின்றது.

டயர் தேய்ந்தால்தான் சாகும் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். அது தேயாமலும் சாகும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும் முறையை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். ஆயினும், உயிர்வளியும் ஓசோனும் வெப்பமும் அந்தப் பிணைப்பை நாள்தோறும் குலைத்துக்கொண்டே இருக்கின்றன. மேற்பரப்பைக் காக்க ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நிமிரும்போதுதான் அந்த மெழுகு கசிந்து மேலே வந்து காப்புப் படலமாகப் படியும். ஓடாமல் நிற்கும் காரின் டயருக்கு அந்தக் காப்பு இல்லை. அருமை பெருமையாகப் போற்றி நிறுத்தி வைக்கும் காரே இதில் முதலில் கெடுகிறது. நம் நாட்டு வெக்கையில், தகரக் கூரையின் கீழே, கேட்கவே வேண்டாம்.

வயதை அறிய வழி இருக்கிறது. பக்கச் சுவரில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து செல்லும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருந்தால், முதலிரண்டும் வாரம், பின்னிரண்டும் ஆண்டு. மூன்றே இலக்கங்கள் இருந்தால் அந்த டயர் 2000க்கு முன் பிறந்தது. தம்பி உரிந்து போன டயரைத் தேடி எடுத்து வந்து பார்த்தபோது மூன்று இலக்கங்களே இருந்தனவாம். பொருத்துவதற்கு முன் படித்திருக்கக் கூடாதா என்று அவனைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நான் மட்டும் எதைப் படித்தேன்?

அம்மாவின் ஆசையைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், தம்மிடமிருந்த பழைய அளவு டயர்கள் நான்கை இலவசமாகவே கொண்டு வந்தார். தடம் ஆழமாக இருந்தது, கருமை பளபளத்தது. தம்பி எண்ணைத் தேடிக் குனிவதற்குள், பட்டறை விசிப்பலகையில் அமர்ந்திருந்த அம்மா ஒன்றை அருகில் உருட்டி வரச் செய்து, பக்கச் சுவரில் கட்டைவிரல் நகத்தை ஊன்றி அழுத்தினார். இருபத்தெட்டு ஆண்டுகள் ஒட்டுப்பால் உரித்த விரல் அது.

“வெயில்ல கெடந்த ஒட்டுப்பாலு மாதிரி இருக்குடா. உள்ள உசிரு இல்ல.”

தம்பி எண்ணைக் கண்டுபிடித்தான். மூன்று இலக்கங்கள். நகத்தால் எல்லா டயரையும் சோதித்துவிடலாம் என்று யாரும் கருத வேண்டா. நகத்துக்குப் புலப்படாத பழுதுகள் உள்ளே பல உண்டு. ஆயினும் அன்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

பிறகு தொடங்கியது உண்மையான தேடல். இந்தக் கார் முதலில் பூண்டிருந்தவை குறுக்கிழை டயர்கள். அவற்றின் உள்ளே நூலிழைகள் பாய்ப் பின்னல்போல் சாய்வாகக் குறுக்கிட்டு அடுக்கடுக்காக இருக்கும். ரேடியல் டயரிலோ இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். அவற்றின் மேல், தடத்தின் அடியில், எஃகுக் கம்பிப் பட்டை சுற்றியிருக்கும். பிரான்சு நாட்டு மிஷெலின் நிறுவனம் 1946இல் இதற்குக் காப்புரிமை பெற்றது. பழைய தோற்றம் மாறாத குறுக்கிழை டயர்களை வெளிநாடுகளில் இன்றும் புதிதாக வார்க்கிறார்கள். தம்பியின் கண் அவற்றின் மீதே இருந்தது என்பதை நான் அறிவேன். ஆனால் ஈரச் சாலையில் ரேடியலின் பிடிப்பு அவற்றுக்கு இல்லை; பேராக்கில் மழையோ நாள் தவறாத விருந்தாளி.

பட்டறைக்கு வருவோர் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முன்னிரண்டை மட்டும் ரேடியலாக மாற்றினால் செலவு குறையும் என்றார் ஒருவர். அது கேடான யோசனை. முன்சக்கரம் சாலையைப் பற்றிக்கொள்ளப் பின்சக்கரம் வழுக்கினால், வளைவில் கார் வாலைச் சுழற்றும். இன்னொருவர், “மைவி டயரைப் போடு, எந்தக் கடையிலும் கிடைக்கும்” என்றார். மைவி காருக்குப் பரவலாக வரும் 175/65 அளவும் 14 அங்குலச் சக்கரத்துக்குரியதுதான். ஆனால் அதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 583 மில்லிமீட்டர். இந்தக் காருக்குரிய 165/80 அளவின் விட்டமோ ஏறத்தாழ 620. உயரம் குறைந்தால் சக்கரம் கூடுதலாகச் சுழலும். வேகமானி நூற்றுக்கு ஆறு மிகையாகப் பொய் சொல்லும். காரும் முழங்காலில் நடப்பதுபோல் தோன்றும். சரக்கு வேன்களுக்கான டயர்கள் உயரத்தில் பொருந்தின. ஆயிரம் கிலோகூட இல்லாத காருக்கு அந்தத் தடித்த சுவர்கள் வளைந்து கொடா. அம்மாவின் முதுகெலும்புதான் வளைய வேண்டும்.

இறுதியில் 165 அளவு ரேடியல்களையே வெளிநாட்டிலிருந்து தருவிப்பது என்று முடிவாயிற்று. கம்பிச் சக்கரம் ஆதலால் உள்ளே டியூப் வேண்டும்; கம்பிகளின் முனை வழியே காற்றுக் கசியும். டியூப் வேண்டாத டயர்கள் சிலவற்றின் உட்புறத்தில் மெல்லிய வரம்புகள் இருக்கும். அவை டியூபை உராய்ந்து ஓட்டையிடும். தம்பி டயருக்குள் கைவிட்டுத் தடவித் தடவிப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டான். நான்கிலும் இறுதி எண் 1124. அதாவது 2024ஆம் ஆண்டின் பதினோராம் வாரம்.

அம்மா அவற்றையும் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, “இதுல நம்ம பாலு இருக்கா?” என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கவில்லை. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபோது, அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்ய முனைந்தது. பால் மரத்தின் காலம் முடிந்தது என்று பலரும் எண்ணினர். இன்றும் கார் டயரின் தடத்தில் செயற்கை ரப்பரே மிகுதி. ஆனால் ஓயாமல் வளைந்து நிமிரும் பக்கச் சுவரில், சூட்டைப் பெருக்காமல் தாங்குவதற்கு மரத்துப் பால்தான் வேண்டியிருக்கிறது. ரேடியல் பரவப் பரவ அதன் தேவை மீண்டும் வளர்ந்தது. எங்கள் தோட்டத்துக்குத்தான் அது பயன்படவில்லை. அங்கே செம்பனை வந்துவிட்டது. “பாலு இருக்கும்மா, நம்ம தோட்டத்துப் பாலு இல்ல” என்றேன்.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு காலைப் பொழுது, அம்மா தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு தம்பியின் அருகில் அமர்ந்தார். நானும் தம்பியின் மனைவியும் என் காரில் பின்தொடர்ந்தோம். தம்பி அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. லாரிகள் ஒலியெழுப்பிக் கடந்தன. மண்மேடு இருந்த இடம் வந்தபோது, என் அருகில் இருந்தவர் தம் வலக்கையை இடக்கையால் பற்றிக்கொண்டார். கார் நேராகச் சென்றது.

கோலகங்சாரில், 1877இல் பிரேசில் வித்தின் வழிவந்த கன்றுகளை ரெசிடென்ட் ஹியூ லோ நட்டார். அவற்றுள் எஞ்சியதாகக் காக்கப்படும் மரம் மாவட்ட நில அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அம்மா காரைவிட்டு இறங்காமலே அதைப் பார்த்தார். “பட்டை தடிச்சுப்போச்சு. இதுல உளி போகாது” என்றவர், சற்றுப் பொறுத்து, “இதுல போறப்ப புழுதியே தெரியலடா” என்றார். தார்ச் சாலையில் புழுதி ஏது என்று தம்பி சிரித்தான்.

ஈப்போ திரும்பியதும் பட்டறைச் சுவரில் வெள்ளைச் சாயத்தால் 1124 என்று எழுதி, அதன் கீழே 2030 என்று எழுதினான். தடம் எவ்வளவு மீந்திருந்தாலும் ஆறே ஆண்டுகள். அதற்கு மேல் ஒரு நாளும் ஓட்டுவதில்லை என்பது அவன் வைத்துக்கொண்ட விதி. அம்மா அந்த எண்ணை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அப்ப நான் இருப்பேனாடா?”

“டயரு இருக்காதும்மா” என்றான் தம்பி, தூரிகையைத் துடைத்தபடி.