ஆற்றோர வீட்டில் ஒரு மஞ்சள் பை

குமாரபாளையத்தில் காவிரியை ஒட்டிய தெருக்களில் நான் நுழைந்து பார்த்த வீடுகளில், முக்கியமான காகிதங்கள் பீரோவுக்குள் இல்லை. கதவுக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்குகின்றன. காரணம் மேட்டூர். அணை 120 அடியைத் தொட்டு, பதினாறு கண் மதகு வழியாகவும் உபரி நீர் வெளியேறினால், அடுத்த கவலை இந்தத் தெருக்களுக்குத்தான். 2022 ஆகஸ்டில் விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது.

"மைக்குல சொன்னாப் போதுமுங்க, பேரன் ஒரு கையி, பை ஒரு கையி. மண்டபத்துக்குப் போயிருவோம்" என்றார் ஒரு வீட்டு அம்மா. பின்கட்டில் தறிச் சத்தம் ஓயவில்லை. ஜவுளிக்கடை மஞ்சள் பையைத் தரையில் கொட்டினார். மேலே குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம். நடுவில் கரண்ட் பில், நகராட்சி வரி ரசீது, பையனின் மார்க் ஷீட், எப்போதோ வாங்கிய மிக்ஸியின் கேரண்டி அட்டை. அடியில், நாலாக மடித்து மடிப்பிலேயே விட்டுப்போன வீட்டுப் பத்திரம்.

எனக்கு இந்த வரிசையே தலைகீழாகத் தெரிந்தது. குடும்ப அட்டை போனால் நகல் வாங்கலாம். ஆதாரை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். மிக்ஸி அட்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த அம்மாவின் மாமனார் 1968-இல் வாங்கிய இடத்தின் பத்திரம் அப்படியல்ல. வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975-லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தைய கிரயத்தைப் பார்க்க சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு, பழைய புத்தகங்களைத் தேடச் சொல்ல வேண்டும். சான்றிட்ட நகல் கிடைக்கும், அசல் கிடைக்காது.

அசல் இல்லாமல் விற்கப்போனவர்களின் பாடு தனிக்கதை. முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்று தமிழகப் பதிவு விதிகளில் 2022-இல் 55ஏ சேர்க்கப்பட்டது. தொலைந்திருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றோடு வர வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்றது. ஆனால் வாங்க வருகிறவரும் கடன் கொடுக்கும் வங்கியும் தாய்ப்பத்திரம் கேட்பதை எந்தத் தீர்ப்பும் நிறுத்தாது.

பத்திரத்தில் 'சேலம் ஜில்லா, திருச்செங்கோடு தாலுகா' என்றிருந்ததைப் பார்த்து, தப்பான காகிதமோ என்று மருமகளுக்குச் சந்தேகம். இந்த ஊர் இருக்கும் நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான்; அதற்கு முந்தைய பத்திரங்களில் சேலம் என்றுதான் இருக்கும்.

"லேமினேஷன் போட்டுட்டா தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு ஜெராக்ஸ் கடையில சொல்றாங்களேங்க?" என்றார் மருமகள். வேண்டாம் என்றேன். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய தாளைக் கிழிக்காமல் உரிக்க முடியாது. ஓரத்தில் ஈரம் புகுந்தால் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். மடிப்பை நீவி விரித்து, முழு அளவு ஜிப் கவரில் போட்டால் போதும். வருஷத்துக்கொரு தரம் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைக்க வேண்டும், வெயிலில் அல்ல. ரப்பர் பேண்டும் குண்டூசியும் ஆகவே ஆகாது. நம்மூர் வெக்கையில் ரப்பர் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், ஊசி துருவேறும்.

நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளர் வீட்டுக்கும் போனேன். ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லாம் வண்டி எண் வாரியாக ஃபைலில். எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்பதால் காலண்டரில் தேதிகளைச் சுற்றி சிவப்பு வட்டம். அத்தனையும் டிஜிலாக்கரிலும் இருக்கிறது. சரி, வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டேன். "அது அப்பாவுக்குத்தாங்க தெரியும்." அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். காலாவதியாகும் காகிதத்துக்கு இருக்கும் கவனிப்பு, காலத்துக்கும் வேண்டிய காகிதத்துக்கு இல்லை. பல வீடுகளில் இதுதான் நிலை.

உங்கள் வீட்டுப் பத்திரத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பத்திர எண், பதிவான ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, மேட்டுத்தெருவிலோ வெளியூரிலோ இருக்கும் நம்பிக்கையான சொந்தக்காரரிடம் கொடுத்து வையுங்கள். அசலே தண்ணீரில் போனாலும் நகலுக்கு மனுப்போட அந்த மூன்றும் போதும்.