துளைக்குக் கூலி இல்லை

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையின் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது செய்திகள் எல்லாம் மண்சரிவைப் பற்றியே பேசின. பேச வேண்டியதுதான். ஆனால் இறம்பொடையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் தொலைபேசியில் வேறொன்று சொன்னார்: "மண்ணு சரியாத லயத்திலயும் சனம் நனைஞ்சுகிட்டுத்தான் இருக்கு. கூரையப் பத்தியும் எழுதுங்க." கூரை வேலை செய்யும் ஒருவரையும் அவரே அறிமுகப்படுத்தி வைத்தார். தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் 'பாஸ் அண்ணன்'.

கண்டி–நுவரெலியா வீதியிலிருந்து தேயிலைக்கு நடுவே இறங்கினால் லயம்: தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகள். தகரம் காற்றில் பறக்காமலிருக்கக் கூரை முழுக்கக் கல்லும் பழைய டயரும். ஒரு குடும்பத்தின் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் கொழுந்துக் கூடைக்குப் பக்கத்தில் சட்டியும் வாளியும் வரிசையாக இருந்தன. மழை பிடித்தால் எந்தச் சட்டி எந்த இடத்துக்கு என்பது அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பழைய தகரம் கழற்றுவதும் தகரத்தைத் தாங்கும் உளுத்த ரீப்பை மாற்றுவதும் நீண்ட வேலை. நான் பார்க்கப் போனது ஆணி இறங்கும் இடத்தை. தகரம் தானாக ஒழுகுவதில்லை. பெரும்பாலும் நாம் போட்ட துளைதான் ஒழுகுகிறது. பகல் வெயிலில் தகரம் நீள்கிறது, இரவுக் குளிரில் சுருங்குகிறது, காற்று அதைத் தூக்கிப் பார்க்கிறது. இதில் ஆணி மெல்ல மெல்ல மேலே எழும்பி, தலைக்கடியில் இடைவெளி விடுகிறது.

"எங்கப்பா காலத்துல சைக்கிள் ட்யூப வட்டமா வெட்டி ஆணித் தலைக்குக் கீழ வைப்பாங்க சார். மேல தார காய்ச்சி ஊத்துறது. ஈரத் தகரத்துல தார் ஒட்டாது. இங்க தகரம் எப்ப காய்ஞ்சிருக்கு?" என்றார் பாஸ் அண்ணன். அப்பா தோட்டத்துத் தச்சர். மகன் ஒன்பதாம் வகுப்போடு கொழும்புக்குப் போய், பியகமப் பக்கம் தொழிற்சாலைக் கூரைகளில் எடுபிடியாக இருந்து வேலை பழகியவர். ஊருக்குத் திரும்பும்போது பற்றரியில் ஓடும் டிரில் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கி வந்தார்.

அந்த டிரில்தான் இங்கே வந்திருக்கும் இயந்திரம். இப்போதைய ஸ்க்ரூவின் நுனியே தகரத்தைத் துளைக்கும். தலைக்கடியில் ரப்பர் வாசர் ஒட்டியே வரும். ஆணி, துளை, அடைப்பு மூன்றும் ஒரே அழுத்தில் முடிந்துவிடுகின்றன. முடிகிறதா என்பதை அண்ணன் கிட்ட அழைத்துக் காட்டினார். ஸ்க்ரூ இறங்கியது. இரும்பு வளையத்தின் ஓரத்தில் ரப்பர் மயிரளவு எட்டிப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "இன்னும் ஒரு சுத்து விட்டா ரப்பர் பிதுங்கி வெடிச்சுரும். ஒரு சுத்து குறைஞ்சா தண்ணி போகும். சாய்ஞ்சு இறங்கினா ஒரு பக்கம் அழுத்தும், மறு பக்கம் வாயத் திறக்கும்." பிறகு சிறு தூரிகையால் துளையைச் சுற்றிக் கிடந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டார். அந்தத் தூள் தகரத்தில் தங்கினால் துருப்பிடிக்கும். துரு அடுத்த ஓட்டைக்கு வழி செய்யும்.

விமானத் தொழிற்சாலைகளும் இதே கவலையில்தான் இருக்கின்றன. விமான இறக்கைக்குள் எரிபொருள் நிற்கிறது. அங்கே ஒவ்வொரு ஆணித் துளையும் ஒழுகக்கூடிய வாய். அதனால் ஆணியின் கழுத்தில் பசை பூசி, அது ஈரமாக இருக்கும்போதே செருகுகிறார்கள். இரண்டு பொருளைக் கலந்து செய்யும் பசை அது. கலந்த கணத்திலிருந்து இறுகத் தொடங்கும். தாமதித்தால் பூசும் குழாயையே அடைத்துக்கொள்ளும். அளவோடு பசை வைக்கவும் கமராவால் சரிபார்க்கவும் ரோபோக்கள் வந்துவிட்டன. ஆனாலும் 777 விமானத்தின் உடற்பகுதிக்கு ஏறக்குறைய 60,000 ஆணிகளை அடிக்க ரோபோக்களை இறக்கிய போயிங், 2019இல் அந்த முறையைக் கைவிட்டுத் தேர்ந்த தொழிலாளர்களின் கைக்கே பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. அங்கே அந்தக் கைக்கு மதிப்பு இருக்கிறது.

இங்கே இருக்கிறதா? கூரை வேலையை எடுக்கும் கொந்தராத்துக்காரர் கூலியைத் தகரச் சீட் கணக்கில் கொடுக்கிறார். எத்தனை சீட் ஏறியது என்றுதான் கேட்கிறார். எத்தனை துளை சரியாக அடைபட்டது என்று கேட்பதில்லை. வேகமாக அடிப்பவருக்குக் காசு, நிதானமாக அடிப்பவருக்கு ஏச்சு. வாசர் இல்லாத மலிவு ஸ்க்ரூவைக் கொடுத்துவிட்டு, "தார் பூசிக்கலாம்" என்று சொல்லும் ஆளும் உண்டு. பில்லில் மட்டும் நல்ல ஸ்க்ரூவின் விலை இருக்கும். அந்த வித்தியாசம் அவர் பைக்குள் போகிறது. மழை தொழிலாளியின் பாயில் இறங்குகிறது. இது திருட்டு. வேறு பெயர் இதற்குக் கிடையாது.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அப்படியான சம்பளத்தில் ஒரு குடும்பம் கூரையைத் தானே மாற்ற முடியாது. மாற்றினாலும் லயம் அவர்களுக்குச் சொந்தமில்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது. வீடு யாருடைய பொறுப்பு என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. இந்திய உதவியில் 4,000 தனிவீடுகள் என்ற திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவற்றுக்கும் கூரை உண்டு; கூரைக்குத் துளை உண்டு; துளையைப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

டிரில் வரட்டும். அதைவிட நல்ல இயந்திரம் வந்தாலும் வரட்டும். தார் காய்ச்சிக் கை வெந்த காலம் திரும்ப வேண்டாம். ஆனால் எங்கே கையை எடுப்பது என்று தெரிந்தவருக்கு அந்த அறிவுக்கான கூலி வேண்டும். வீடு கட்டிக் கொடுக்கும் அரசுக்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: வேலை செய்தவருக்கு அன்றன்றே கூலி கொடுக்கச் செய்யுங்கள். கொந்தராத்துக்காரரின் கடைசித் தவணையை மட்டும் நிறுத்தி வையுங்கள். ஒரு மழைக்காலம் கழியட்டும். அந்த வீட்டுப் பெண் 'ஒழுகவில்லை' என்று சொன்ன பிறகு கொடுங்கள்.